வழிக்காவலில் வருகிறவன்

2024 செப்டம்பர் 23 அதிகாலை. கிழக்குக் கடற்கரைச் சாலையில், நீலாங்கரையை அடுத்த அக்கரைப் பகுதியில், போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஒருவர் இறந்தார். கிழக்குத் தாம்பரம் பகுதியைச் சேர்ந்த ரவுடி. 'சீசிங் ராஜா' என்று செய்தித்தாள்கள் எழுதின. முந்தைய நாள்தான் ஆந்திரத்தின் கடப்பா பகுதியில் தனிப்படை அவரைப் பிடித்திருந்தது. மாநில எல்லை தாண்டி சென்னைக்கு அழைத்து வந்தார்கள். பதுக்கி வைத்த ஆயுதங்களை எடுத்துக்காட்டுவதற்காகக் கடற்கரையோரம் கூட்டிப்போனபோது, அங்கே மறைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியால் அவர் சுட்டார் என்றும், தற்காப்புக்காக ஆய்வாளர் திருப்பிச் சுட்டார் என்றும் காவல்துறை விளக்கியது.

அதே சாலையில் சில கிலோமீட்டர் வடக்கே திருவான்மியூர். அந்தச் சம்பவத்துக்கு முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் அந்த ஊரோடு சேர்த்தே உச்சரிக்கப்பட்ட பெயர் ஆட்டோ சங்கர். ஆறு கொலைகளுக்காகச் சிறையில் இருந்தவர் 1990 ஆகஸ்டில் சென்னை மத்திய சிறையிலிருந்து தப்பினார். ஒடிசாவின் ரூர்கேலாவில் பிடிபட்டார். அவரையும் மாநில எல்லைகள் தாண்டி அழைத்து வந்தார்கள். அவர் உயிரோடு வந்து சேர்ந்தார். செங்கல்பட்டு அமர்வு நீதிமன்றத்தில் விசாரணை நடந்து 1991 மே 31-ல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1994-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 1995 ஏப்ரல் 27-ல் சேலம் மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

முடிவு இரண்டிலும் மரணம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. நடுவில் கழிந்த அந்த ஐந்து ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதில்தான் இந்தக் கட்டுரையின் கவனம். பிடிபட்டவனைப் பிடித்த இடத்திலிருந்து நீதிமன்றம் வரை கொண்டுவரும் பயணத்தைக் காவல்துறை வட்டாரத்தில் 'வழிக்காவல்' என்பார்கள். 'எஸ்கார்ட்' என்ற சொல்லும் புழக்கத்தில் இருக்கிறது. தமிழ் ஆக்‌ஷன் படங்கள் இந்தப் பயணத்தை வெகுகாலமாகத் தப்பாகவே சொல்லி வந்திருக்கின்றன. அந்தத் தப்பு திரையோடு நிற்கவில்லை என்பது என் வாதம்.

ஆட்டோ சங்கர் வழக்கிலிருந்தே தொடங்கலாம். ஆர்.கே. செல்வமணியின் இயக்கத்தில் விஜயகாந்த் நடித்த 'புலன் விசாரணை' 1990 பொங்கலுக்கு வந்தது. ஆட்டோ சங்கர் வழக்கின் தூண்டுதலில் உருவான படம் என்று ஊரே அறியும். அது வெளியானபோது சங்கர் விசாரணைக் கைதி. சிறையிலிருந்து தப்பியதற்கு ஏழு மாதம் முன்பு, செங்கல்பட்டுத் தீர்ப்புக்குப் பதினாறு மாதம் முன்பு. நீதிமன்றம் சாட்சிகளைக் கேட்டு முடிப்பதற்குள் திரையரங்கு தீர்ப்பு எழுதிவிட்டது. படத்தை நான் குறை சொல்லவில்லை. அது நன்றாக எடுக்கப்பட்ட படம், தன் காலத்து மக்களின் உண்மையான கோபத்தைப் பிடித்துக் காட்டியது. ஆனால் நீதிமன்றத்தின் வேகத்துக்கும் திரைக்கதையின் வேகத்துக்கும் உள்ள இடைவெளியைப் பார்வையாளர் எதை வைத்து நிரப்பிக்கொள்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதை நிரப்பும் பொருள் பழி. குற்றவாளி போலீஸ்காரர் மீது வன்மம் கொள்கிறான், அவர் வீட்டுக்குள் நுழைகிறான். 'காக்க காக்க' (2003) படத்தில் உதவி ஆணையர் அன்புச்செல்வன் என்கவுன்ட்டரில் ஒருவனைக் கொல்கிறார். கொல்லப்பட்டவனின் தம்பி பாண்டியா பழி தீர்க்க வருகிறான். அதை இயக்கிய கௌதம் மேனனின் 'வேட்டையாடு விளையாடு' (2006) படத்திலும் போலீஸ் அதிகாரி ராகவனின் மனைவியை ரவுடிகள் பழிக்காகக் கொல்கிறார்கள். அது நடந்தவுடன் கதைக்குள் ஒன்று மாறிவிடுகிறது. அதுவரை ஒரு குற்றவாளிக்கும் அரசுக்கும் இடையே இருந்த வழக்கு, இரண்டு ஆண்களுக்கு இடையிலான பகையாகிவிடுகிறது. பகைக்கு நீதிபதி தேவையில்லை. அதனால் கடைசிக் காட்சியில் நாயகன் சுடும்போது நமக்கு உறுத்துவதில்லை. மனைவியை இழந்தவனின் கை அது என்றுதான் பார்க்கிறோம், சம்பளம் வாங்கும் அரசு ஊழியரின் கை என்று பார்ப்பதில்லை.

'வேட்டையாடு விளையாடு' இன்னொரு காரணத்துக்காகவும் இங்கே முக்கியம். ஆரோக்கியராஜ் தம்பதியின் கொலையைத் துப்பறிய ராகவன் நியூயார்க் போகிறார். அங்கே நடந்த தொடர் கொலைகளைச் செய்த இளமாறனும் அமுதனும் இந்தியாவுக்குத் தப்பி வருகிறார்கள். ராகவன் துரத்திவந்து கொல்கிறார். சட்டத்துக்கு இங்கே வழியில்லையா? இருந்தது. இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் குற்றம் செய்தாலும் மத்திய அரசின் முன் அனுமதியோடு இந்திய நீதிமன்றத்திலேயே அவனை விசாரிக்கலாம் என்றது அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 188-ஆம் பிரிவு. இன்றைய பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் அது 208-ஆம் பிரிவு. அமெரிக்காவிலிருந்து சாட்சியம் பெற நீதிமன்றத்தின் வேண்டுகோள் கடிதம் அனுப்பலாம். அமெரிக்காவே அவர்களைக் கேட்டிருந்தால் 1997-ல் கையெழுத்தான ஒப்படைப்பு ஒப்பந்தம் இருக்கிறது. ஏட்டில் இத்தனை கதவுகள் இருக்க, படம் ஒன்றையும் தட்டிப் பார்க்கவில்லை. ஒரு நல்ல திரைக்கதையாசிரியருக்கு அந்தக் கதவுகளிலேயே பதற்றம் கிடைத்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

ஹரியின் 'சிங்கம் 2' (2013) இந்த வகையில் சற்று வேறுபட்ட படம். துரைசிங்கம் போதைப்பொருள் கடத்தும் டேனியைப் பிடிக்கத் தென்னாப்பிரிக்கா வரை போகிறார், அந்த நாட்டுப் போலீசோடு சேர்ந்து அவனைக் கைது செய்து இந்தியாவுக்குக் கொண்டுவருகிறார். கொல்லாமல் கொண்டுவருவதையே வெற்றியாகக் காட்டிய வணிகப் படம் என்பதால் அதன் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் எடுத்த வேகத்தில் சொன்னதால், நாடு விட்டு நாடு ஒருவனைக் கொண்டுவருவது எவ்வளவு கனமான காரியம் என்பது தெரியாமலே போய்விடுகிறது.

இந்திய அதிகாரிக்கு வெளிநாட்டு மண்ணில் கைது செய்யும் அதிகாரம் கிடையாது. தன் மாநில எல்லைக்குள் தொப்பியும் தடியுமாக நடந்தவர் அங்கே ஒரு விருந்தாளி, அவ்வளவே. கைது அந்த நாட்டுப் போலீசுடையது, ஒப்படைக்கலாமா என்ற முடிவு அந்த நாட்டு நீதிமன்றத்துடையதும் அரசுடையதும். இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் ஒப்படைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 2003-ல். ஒப்பந்தம் இருந்தாலே உடனே கிடைத்துவிடுவதில்லை. மும்பைத் தாக்குதல் வழக்கில் தஹாவூர் ராணாவை ஒப்படைக்குமாறு இந்தியா அமெரிக்காவைக் கேட்டது 2020-ல். அத்தனை மேல்முறையீடுகளும் முடிந்து தேசியப் புலனாய்வு முகமை அதிகாரிகள் அவரை டெல்லியில் இறக்கியது 2025 ஏப்ரல் 10-ல்.

கொண்டுவந்த பிறகும் கட்டு அவிழ்வதில்லை. எந்தக் குற்றத்துக்காகக் கேட்டு வாங்கினோமோ அதற்காகத்தான் விசாரிக்க வேண்டும் என்கிறது 1962-ஆம் ஆண்டு ஒப்படைப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. கொடுத்த வாக்கையும் காப்பாற்ற வேண்டும். அபு சலேமை 2005 நவம்பரில் போர்ச்சுகல் நமக்கு ஒப்படைத்தபோது, மரண தண்டனை கிடையாது, 25 ஆண்டுகளுக்கு மேல் சிறை கிடையாது என்று இந்தியா உறுதி கொடுத்திருந்தது. அவர் தண்டனை பெற்றது 257 பேர் இறந்த 1993 பம்பாய் குண்டுவெடிப்பு வழக்கில். இருந்தும் அந்த உறுதிமொழிக்கு அரசு கட்டுப்பட்டே ஆக வேண்டும் என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கில் உறவுகளை இழந்த குடும்பங்களுக்கு இது எவ்வளவு கசப்பாக இருந்திருக்கும் என்பதை உணர முடிகிறது. ஆனாலும் அந்த வாக்கை மீறினால் அடுத்த முறை எந்த நாடும் எவரையும் நமக்குத் தராது.

வழியில் தவறு நேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று இருக்கிறது. 1910 ஜூலை 8. லண்டனிலிருந்து பம்பாய்க்கு போலீஸ் காவலில் 'மோரியா' கப்பலில் கொண்டுவரப்பட்ட சாவர்க்கர், மார்செய் துறைமுகத்தில் கப்பலின் சாளரத் துளை வழியே கடலில் குதித்து பிரெஞ்சுக் கரையில் ஏறினார். பிரெஞ்சுக் காவலர் ஒருவர் அவரைப் பிடித்துக் கப்பலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். தன் மண்ணில் கால் வைத்தவரை அப்படிக் கொடுத்தது செல்லாது என்று பிரான்ஸ் வாதிட, வழக்கு ஹேக் நடுவர் மன்றம் வரை போனது. 1911 பிப்ரவரியில் தீர்ப்பு பிரிட்டனுக்குச் சாதகமாக வந்தது. ஒப்படைத்த முறையில் ஒழுங்கீனம் இருந்தது, என்றாலும் திருப்பித் தரத் தேவையில்லை என்றது மன்றம். காவலர் ஒருவரின் சில நிமிடச் செயலுக்காக இரண்டு பேரரசுகள் வழக்காடின.

விமானப் பயணமும் இதே அளவு நுணுக்கமானதுதான். அமெரிக்க விதிகளை எடுத்துக்கொள்வோம். ஆபத்தானவர் என்று கருதப்படும் கைதிக்குக் குறைந்தது இரண்டு காவலர்கள். மற்ற பயணிகளுக்கு முன்பே அவரை ஏற்றிவிட வேண்டும், எல்லோரும் இறங்கிய பிறகே இறக்க வேண்டும். இருக்கை கடைசிப் பகுதியில், அவசர வழியருகே கூடாது. கைதிக்கும் காவலருக்கும் மது கிடையாது. ஏற்றுவதற்கு முன் விமான நிறுவனத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். மீனம்பாக்கத்தில் நாம் வரிசையில் நிற்கும் ஏதோ ஒரு விமானத்தின் கடைசி வரிசையில் இப்படி ஒருவர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கலாம். பயணிகளுக்குத் தெரியாமலே முடிந்துவிட்டால் அந்த வழிக்காவல் ஒழுங்காக நடந்திருக்கிறது என்று பொருள். சினிமாவுக்கு அதில் காட்ட எதுவும் இல்லை.

உள்நாட்டில் பாஸ்போர்ட்டும் தூதரகமும் இல்லை, ஆனால் நடுவர் இருக்கிறார். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசமைப்பின் 22-ஆம் கூறு. பயண நேரத்தை அதில் சேர்ப்பதில்லை. ஆனால் அருகிலுள்ள நடுவரிடம் போய்ச் சேரும் நேரம்தான் அந்தப் பயண நேரம், சென்னை வந்து சேரும் நேரமல்ல. அதனால்தான் வெளிமாநிலத்தில் பிடிபட்டவரை அந்த ஊர் நீதிமன்றத்திலேயே நிறுத்தி 'டிரான்சிட் ரிமாண்ட்' வாங்குகிறார்கள். அந்த ஒற்றைத் தாள் முக்கியமானது. இன்னார் இந்தத் தேதியில் உடலில் காயமில்லாமல் எங்கள் முன் நின்றார் என்று அறிமுகமில்லாத ஊரின் நடுவர் ஒருவர் எழுதிவைக்கும் சாட்சி அது.

சிறைக்கும் நீதிமன்றத்துக்கும் இடையே நடக்கும் அன்றாட வழிக்காவல் பெரும்பாலும் ஆயுதப்படைக் காவலர்களின் தலையில் விழுகிறது. புழல் சிறையிலிருந்து தாம்பரத்துக்கோ செங்கல்பட்டுக்கோ ஒரு விசாரணைக் கைதியை அழைத்துப்போய், வாய்தா வாங்கி, மாலைக்குள் திரும்பச் சேர்க்க வேண்டும். கைதி தப்பினால் உடனே சஸ்பெண்ட். கைதிக்கு ஏதாவது ஆனாலும் அதே கதி. கழிப்பறைக்குப் போகும்போதும் உணவு வாங்கும்போதும் உறவினர் வந்து பேசும்போதும் அந்தக் காவலரின் வேலை தொங்கிக்கொண்டிருக்கிறது. 2025 டிசம்பரில் விக்ரம் பிரபு நடித்து வெளியான 'சிறை' இந்தக் காவலரை நாயகனாக்கியது. கதை எழுதிய தமிழ் என்பவர் ஒருகாலத்தில் காவல்துறையில் இருந்தவர். பல பத்தாண்டுகள் கழித்தாவது, கைதியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதையே கதையாகக் கொண்ட படம் ஒன்று தமிழில் வந்திருக்கிறது.

அந்தக் கைதியின் கையில் விலங்கு மாட்டலாமா? உச்ச நீதிமன்றம் இதற்கு 1980 ஏப்ரலில் பதில் சொன்னது. டெல்லி திகார் சிறையில் இருந்த பிரேம் சங்கர் சுக்லா என்ற விசாரணைக் கைதி, நீதிமன்றத்துக்கு அழைத்துப்போகும்போது தனக்கு விலங்கு மாட்டுகிறார்கள் என்று உச்ச நீதிமன்றத்துக்குத் தந்தி அடித்தார். அந்தத் தந்தியே மனுவானது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். விலங்கு விதிவிலக்காகத்தான் இருக்க வேண்டும், தப்பி ஓடுவான் என்பதற்குத் தெளிவான காரணம் எழுத்தில் இருக்க வேண்டும், நடுவரின் ஒப்புதல் பெற வேண்டும், அச்சம் என்றால் காவலர் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளலாம் என்றார். வசதிபடைத்த 'உயர் வகுப்பு'க் கைதிக்கு விலங்கில்லை, ஏழைக்கு உண்டு என்றிருந்த பஞ்சாப் போலீஸ் விதியையும் செல்லாது என்றார். 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு கொலை, பாலியல் வன்முறை, திட்டமிட்ட குற்றம், காவலிலிருந்து தப்பிய முன்வரலாறு போன்றவற்றில் விலங்கை அனுமதிக்கிறது. கிருஷ்ணய்யர் மூடிய கதவு பாதி திறந்துவிட்டது. என் கணிப்பில் அது பின்னடைவு. ஆனால் அதில் இன்னொரு விளைவும் இருக்கிறது. கொலை வழக்கில் சிக்கிய, பலமுறை கைதான ஒருவரை விலங்கிட்டே அழைத்துப்போகச் சட்டம் இன்று இடம் கொடுக்கிறது. அப்படியானால் அவர் கை எப்படித் துப்பாக்கியை எட்டியது என்ற கேள்வி முன்னைவிட வலுவாகிறது.

காவலர்கள் தரப்பின் ஆபத்தை மறைத்துவிட்டு இதை எழுத முடியாது. 2017 நவம்பர் 17-ல் வந்த 'தீரன் அதிகாரம் ஒன்று', பவாரியா கொள்ளையரைத் தேடி வட மாநிலங்களில் அலைந்த தமிழகக் காவலர்களின் உண்மைக் கதையைத் தழுவியது. அது வெளியாகி நான்கு வாரம் முடிவதற்குள், டிசம்பர் 13-ல், சென்னை நகைக்கடைக் கொள்ளை வழக்கில் ராஜஸ்தானின் பாலி மாவட்டத்துக்குப் போன மதுரவாயல் ஆய்வாளர் பெரியபாண்டியன் உயிரிழந்தார். குற்றவாளிகளின் தாக்குதலுக்கு இடையே, உடன் சென்ற அதிகாரியின் துப்பாக்கியிலிருந்து தவறுதலாகப் பாய்ந்த குண்டுதான் காரணம் என்று ராஜஸ்தான் போலீசின் விசாரணை சொன்னது. மொழி தெரியாத ஊர், இருட்டு, போதிய உள்ளூர்ப் போலீஸ் துணை இல்லாத நிலை. திரையில் தீரனுக்குச் சண்டை இயக்குநர் இருந்தார். பெரியபாண்டியனுக்கு அப்படி எவரும் இல்லை. வண்டலூரை அடுத்த ஊனமாஞ்சேரியில் காவல்துறையின் உயர் பயிற்சியகம் இயங்குகிறது. வெளிமாநில வழிக்காவல் அங்கே தனிப் பாடமாகவே சொல்லித்தரப்பட வேண்டும்.

மீண்டும் திருவான்மியூருக்கு வருகிறேன். சங்கர் சிறையிலிருந்து தப்பியது தன் வீரத்தால் அல்ல. சிறைக் காவலர்கள் சிலர் துணைபோனார்கள், பின்னர் தண்டனையும் பெற்றார்கள். வழக்கின் மற்றொரு குற்றவாளியான அவரது தம்பி மோகன் 1992-ல் புனேயில் பிடிபடும் வரை வெளியே இருந்தார். இப்படி ஓடிய ஒருவரை ரூர்கேலாவில் பிடித்தபோது, திரும்பும் வழியில் 'தப்ப முயன்றார்' என்று சொல்லியிருந்தால் 1990-ன் சென்னையில் அதை நம்பாதவர் குறைவாகவே இருந்திருப்பார்கள். அப்படி நடக்கவில்லை.

உயிரோடு வந்தவர் பேசினார். சிறையிலிருந்தபடியே தன் வரலாற்றை எழுதினார். தன் சாராயத் தொழிலுக்கும் பாலியல் தொழிலுக்கும் துணையாக இருந்த அதிகாரிகளைப் பற்றியும் அதில் இருந்தது. 'நக்கீரன்' அதை வெளியிடுவதாக அறிவித்ததும், நிறுத்தும்படி 1994 ஜூனில் சிறைத்துறைத் தலைவர் கடிதம் எழுதினார். பத்திரிகை உச்ச நீதிமன்றம் போனது. 1994 அக்டோபர் 7-ல் நீதிபதி பி.பி. ஜீவன் ரெட்டி அளித்த தீர்ப்பு 'ஆர். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு' என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கப்படுகிறது. பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிட எவர் அனுமதியும் தேவையில்லை, தங்களுக்கு அவதூறு வரும் என்ற அச்சத்தில் அதிகாரிகள் முன்கூட்டியே தடை போட முடியாது, அதே சமயம் தனிமனிதருக்குத் தன் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்று அது வகுத்தது. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்த புட்டசாமி வழக்கிலும் இந்தத் தீர்ப்பு எடுத்தாளப்பட்டது. கொலைகாரர் ஒருவரை உயிரோடு கொண்டுவந்ததால் நாட்டின் எல்லாக் குடிமக்களுக்கும் கிடைத்த சட்டம் இது. சங்கர் சொன்னதெல்லாம் உண்மை என்று நான் சொல்லவில்லை. சோதித்துப் பார்க்க ஒரு வாக்குமூலம் இருந்தது. அக்கரையில் அது இல்லை. கிழக்குத் தாம்பரம் ரவுடி ஒருவர் இத்தனை வழக்குகளோடு இத்தனை ஆண்டுகள் எவர் தயவில் வெளியே நடமாடினார் என்று இனி அவரிடம் கேட்க முடியாது.

அக்கரை தனி நிகழ்வும் அல்ல. 2022 ஜனவரி 1-ல் தனி ஆணையரகமாகப் பிரிந்த தாம்பரத்தின் எல்லையில், கூடுவாஞ்சேரி அருகே, 2023 ஆகஸ்ட் 1 அதிகாலையில் வாகனச் சோதனையின்போது தாக்கியதாக இருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2024 ஜூலை 14 அதிகாலையில், அரசியல் தலைவர் ஆம்ஸ்ட்ராங் கொலை வழக்கில் காவலில் இருந்த ஒருவர் மாதவரம் பக்கம் ஆயுதத்தை எடுக்க அழைத்துச் செல்லப்பட்டபோது இறந்தார். ஆயுதம் எடுக்கப் போவதற்குச் சட்டக் காரணம் இருக்கிறது. காவலில் சொன்ன வாக்குமூலம் செல்லாது, ஆனால் அதன் வழியே ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்தப் பகுதி மட்டும் சாட்சியமாகும். பழைய சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவான இது புதிய சாட்சியச் சட்டத்தில் 23-ஆம் பிரிவில் இருக்கிறது. வழக்கை நீதிமன்றத்தில் நிற்கவைக்கவே கைதியை அங்கே கூட்டிப்போகிறார்கள். அவர் அங்கேயே இறந்தால் அவர் மீதான வழக்கும் முடிந்துவிடுகிறது.

ரஜினிகாந்த் நடித்த 'வேட்டையன்' அக்கரை நிகழ்வுக்கு மூன்று வாரத்துக்குள், 2024 அக்டோபர் 10-ல் வந்தது. என்கவுன்ட்டரில் குற்றமற்ற ஒருவனைக் கொன்றுவிட்ட அதிகாரியின் மனவேதனை அதன் மையம். தமிழ்நாட்டின் மிகப் பெரிய நட்சத்திரம் அந்தப் பாத்திரத்தை ஏற்றது நல்ல செய்தி. ஆனால் இறந்தவன் அப்பாவி என்பதால்தான் அந்தப் படத்தில் நமக்கு வலிக்கிறது. உண்மையான ரவுடியாக இருந்தால்? சட்டம் இரண்டுக்கும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது. 2014-ல் பி.யு.சி.எல். வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த பதினாறு நெறிகள், இறந்தவர் யார் என்று பிரித்துப் பார்க்கவில்லை. சி.ஐ.டி.யோ வேறு நிலையத்துப் போலீசோதான் புலனாய்வு செய்ய வேண்டும், நிகழ்வு முடிந்த கையோடு பதவி உயர்வோ வீரப் பதக்கமோ தரக் கூடாது என்று அவை சொல்கின்றன.

புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு, சோதனையையும் பொருளைக் கைப்பற்றுவதையும் ஒலி-ஒளிப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது. காவலில் நேரும் மரணத்தை நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும் என்கிறது 196-ஆம் பிரிவு. 2024 ஜூலைக்குப் பிறகு ஆயுதம் எடுக்கப் போன எந்தப் பயணத்துக்கும் இரண்டும் பொருந்தும். எனவே கேட்க வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. பதிவுக் கருவி ஓடியதா, எந்த நிமிடத்திலிருந்து? வெளிமாநில நடுவர் முன் நிறுத்தினார்களா? கைவிலங்கு மாட்டியிருந்ததா, இல்லையென்றால் ஏன்? பகல் வெளிச்சத்தில் சாட்சிகளோடு போகாமல் ஏன் அதிகாலை? எத்தனை காவலர்கள் உடன் போனார்கள்? இவற்றுக்கான விடைகளும் நடுவரின் விசாரணை அறிக்கையும், ஒவ்வொரு நிகழ்விலும், குறித்த காலத்துக்குள் பொதுமக்கள் படிக்கும்படி வெளியிடப்பட வேண்டும். அதற்கு ஓர் அரசாணை போதும்.